ஆக்சிஜனை வாசலிலேயே மடக்கும் அசோடோபேக்டர்

மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் உயிர் உரமாகப் பரிந்துரைக்கப்படும் நுண்ணுயிர்களில் ஒன்று அசோடோபேக்டர். ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற ரகங்கள் ஊர்ப் பெயரைத்தான் சுமக்கின்றன. ராஜபாளையம் வரை நீளும் இந்தப் பருத்திச் சீமையில் பொட்டலத்தில் வரும் இந்த உயிர் உரத்தைப் பற்றிய பேச்சு அதிகம். பொட்டலத்துக்குள் இருக்கும் உயிர் என்ன பாடுபடுகிறது என்பதைப் பேசுவோர் குறைவு.

1901-இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜரிங்க் அசோடோபேக்டரை அடையாளம் கண்டார். வரலாறு இவ்வளவு போதும்.

அசோடோபேக்டரில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கி நிலைப்படுத்தும் நொதி நைட்ரஜனேஸ். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும். அந்த ஏடிபியை ஈட்ட அசோடோபேக்டர் சுவாசித்தாக வேண்டும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். வாழ்வதற்கு வேண்டியதே வேலையைக் கெடுக்கிறது.

இந்த உயிர் அதைச் சமாளிக்கும் விதம் அற்புதமானது. கல்யாண வீட்டில் கூட்டம் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிடாமல் வாசல் திண்ணையிலேயே பந்தி போடுவதைப் போன்றது அது. செல்லின் சவ்வுதான் திண்ணை. அதில் பதிந்திருக்கும் சைட்டோகுரோம் பிடி என்ற நொதி, வருகிற ஆக்சிஜனை எல்லாம் உட்காரவைத்து, சர்க்கரையிலிருந்து வந்த எலக்ட்ரான்களைப் பரிமாறி, தண்ணீராக்கி அனுப்பிவிடுகிறது. கூட்டம் பெருகினால் பந்தியும் வேகமெடுக்கும். உயிரினங்களிலேயே மிக அதிகமான சுவாச வேகங்களில் ஒன்று இதனுடையது. திண்ணை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. சவ்வு உட்புறமாக மடிந்து, குழல்களும் குமிழ்களுமாகச் செல்லுக்குள் பரவுகிறது.

இந்த உட்சவ்வைப் பற்றி அவசரப்பட்டு எழுதுவோர் உண்டு. நைட்ரஜனை நிலைப்படுத்தும் செல்களில் உட்சவ்வு வலை தெரிகிறது, அம்மோனியா ஊட்டப்பட்டவற்றில் இல்லை என்று 1970-இல் ஓர் ஆய்வு சொன்னது. உடனே, இதுவே நைட்ரஜன் ஆலை என்ற முடிவு கவர்ச்சியாக இருந்தது. 1973-இல் பேட், ஷா, பிரில் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் எந்த நைட்ரஜன் உணவில் வளர்த்தாலும் உட்சவ்வு உருவாவதைக் காட்டினர். செல்லின் வளர்ச்சிப் பருவத்தைப் பொறுத்து அதன் அளவு மாறியது. ஆக, நைட்ரஜனுக்கென்றே கட்டிய தனி அறை என்று அதைச் சொல்ல முடியாது.

பந்திச் செலவோ பெரிது. ஒரு கிராம் சர்க்கரையை எரித்து இது நிலைப்படுத்தும் நைட்ரஜன் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம்தான். அந்தச் சர்க்கரைக்கு ஈடான கரிமப் பொருள் மண்ணில் இருந்தால்தான் வேலை நடக்கும். யூரியாவுக்கு முழு மாற்று என்று எந்தப் பொட்டலமாவது சொன்னால் நம்ப வேண்டாம். உயிர் உரம் வாங்கும் விவசாயி, தொழுவுரத்தையும் சேர்த்தே நிலத்தில் இட வேண்டும்.