திருப்பூர் ஜில்லாவின் மலைநீரும் கொறங்காடும்

கோயமுத்தூர், ஈரோடு ஜில்லாக்களின் பகுதிகளைப் பிரித்து 2009-ஆம் வருஷத்தில் அமைக்கப்பட்டது திருப்பூர் ஜில்லா. இதன் தென்னெல்லையில் ஆனைமலைத் தொடர் நிற்கின்றது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைகளின் மேற்சரிவிலேயே பெய்துவிடுகிறபடியால், கீழ்ப்புறத்துச் சமவெளி வறண்ட பூமியாகும்.

எனினும் அம்மலைநீரே தென்பாகத்தைப் போஷிக்கின்றது. அமராவதி, திருமூர்த்தி அணைகளின் பாசனத்தால் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நெல், கரும்பு, தென்னை முதலியன செழிக்கின்றன.

வடபாகத்தின் நிலைமை வேறு. வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் நொய்யல், திருப்பூர் நகரின் ஊடே செல்லுகின்றது. பனியன் தொழில் பல்லாயிரவருக்கு ஜீவனம் அளித்தது. அதன் சாயக்கழிவோ ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்தின்பொருட்டுக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஆற்றில் கழிவு விடலாகாதென்ற நிபந்தனையின்மேலேயே அவை மீண்டும் நடக்கலாயின.

வாய்க்கால் எட்டாத காங்கயம், தாராபுரம் மேட்டுநிலங்களுக்கு ஆதாரம் கொறங்காடு. கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும் கொண்ட இம்மேய்ச்சல் நிலமே காங்கயம் மாடுகளை வளர்த்தது. கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகின்றது.

ஆகவே குடியானவர்கள் கொறங்காட்டைப் பகுதிகளாக அடைத்து, மாற்றி மாற்றி மேய்ப்பது நலம். புல்விதை உதிரும்வரை ஒரு பகுதியை விட்டுவைக்கவேண்டும். வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து நடவேண்டும். கிராம அதிகாரிகளும் இதனை வெறுந்தரிசு என்று எண்ணலாகாது. நீர் தவறும் வருஷத்தில் குடும்பத்தைத் தாங்குவது இந்நிலமே.