ஜன்னலுக்குக் கீழே பாட்டு

லண்டனில் தெருப்பாட்டுத் தொல்லை தாங்கவில்லை என்று 1860களில் மல்லுக்கு நின்றவர்களில் முன்வரிசை ஆள், கணினியின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த சார்லஸ் பாபேஜ். மேரில்போன் பகுதியில், டோர்செட் தெருவில் அவர் வீடு. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஆர்கன் பெட்டியைச் சுமந்துகொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பார்கள். பெட்டிக்குள் ஒரு மர உருளை. உருளை முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஆணி ஒவ்வொன்றும் தனக்குரிய குழலைத் திறந்துவிடும். சுற்றுகிறவருக்கு சங்கீதம் தெரிய வேண்டும் என்பதில்லை, தோளில் வலு இருந்தால் போதும். உருளையில் ஏற்றிய சில பாட்டுகளே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாபேஜ் வரைந்து வைத்த ‘பகுப்பாய்வு இயந்திரம்’ என்ற கணிப்பொறிக்குள் வேலைகளை வரிசைப்படுத்த வேண்டியவையும் இதே போல முளை பதித்த உருளைகள்தாம். அவர் ஜென்மப் பகையாக நினைத்த பெட்டி, அவருடைய இயந்திரத்துக்குப் பங்காளி முறை.

1864இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் தெருத் தொல்லைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார் பாபேஜ். தன் உழைப்பில் கால் பங்கை இந்தச் சத்தம் தின்றுவிட்டது என்று கணக்கும் போட்டார். தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர் வெளியே போனால் சிறுவர் கூட்டம் பின்னாலேயே கூச்சலிட்டுக்கொண்டு போகும். வேண்டுமென்றே பித்தளை வாத்தியக் கோஷ்டிகளைக் கூட்டி வந்து வீட்டெதிரே வாசிக்க வைத்தார்கள். கச்சேரி அரங்குக்குக் காசு கொடுத்துப் போக வழியில்லாத குடும்பங்களுக்கு அந்தப் பெட்டிதான் சங்கீதம். அதை ஒரு பெரிய மனிதர் நிறுத்தப் பார்த்தால் கோபம் வராதா? நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் செல்வாக்கு ஒரு பக்கம்தான் இருந்தது.

பீர் ஆலை முதலாளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான மைக்கேல் பாஸ் கொண்டுவந்த சட்டம் அதே 1864இல் நிறைவேறியது. எழுத்தாளர்கள் டிக்கன்ஸ், டென்னிசன், கார்லைல் எல்லாரும் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கும் 10 வருஷம் முன்பே கார்லைல் வீட்டு மாடியில் சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டிப் பார்த்துத் தோற்றவர். புதிய சட்டப்படி, வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றோ, வேலை கெடுகிறது என்றோ சொன்னால் வாசிப்பவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மறுத்தால் 40 ஷில்லிங் வரை அபராதம், அல்லது 3 நாள் வரை சிறை. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: போலீஸ்காரர் ஆளைப் பிடித்துப் போக வேண்டுமானால், புகார் சொன்னவரும் காவல் நிலையம் வரை கூடவே நடக்க வேண்டும்.

எனக்கு இந்த நிபந்தனை பிடித்திருக்கிறது. கடுமையான சட்டம்தான், ஏழைக்கு எதிரான சட்டம்தான். ஆனாலும் சண்டை இரண்டு மனிதர்களுக்கு இடையில் நடந்தது. ஜன்னல்காரர் தெருவில் இறங்கி, வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் போ என்று சொல்ல முடிந்தது.

இன்றைக்கு அப்படி இல்லை. லண்டன் சுரங்க ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் பாடுவது பல காலம் குற்றம், பிடிபட்டால் அபராதம். 2003இல் அதை முறைப்படுத்தினார்கள். குரல் தேர்வு வைத்து உரிமம் கொடுத்தார்கள், நடைபாதைத் தரையில் அரைவட்டம் ஒட்டினார்கள், முன்பதிவு செய்து நேரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பாடகர்களுக்கு நல்லதே நடந்தது, சந்தேகமில்லை. யாராவது துரத்துவார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாட வேண்டியதில்லை. 2018இல் லண்டன் தெருப்பாடகர்களுக்கு வங்கி அட்டையைத் தொட்டுக் காசு கொடுக்கும் கருவிகூட வந்துவிட்டது. கேம்டன் நகராட்சி 2014இலும் வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி 2021இலும் தெருக்களுக்கும் உரிமத் திட்டம் கொண்டுவந்தன. எங்கே நிற்கலாம், ஒலிபெருக்கி வைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் இப்போது தாளில் இருக்கிறது.

ஒலிபெருக்கிதான் பழைய கதைக்கும் புதிய கதைக்கும் நடுவே நிற்கும் பெரிய வித்தியாசம். ஆர்கன் பெட்டியின் சத்தம் ஒரு தெருவோடு நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் இன்றைய பெட்டி, ஆடி மாதக் கோயில் குழாய்போல எங்கே இருந்தாலும் வந்து பிடித்துக்கொள்கிறது. லெஸ்டர் சதுக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் குளோபல் என்ற வானொலி நிறுவனம் இதற்காக நீதிமன்றம் போனது. நாள் முழுக்கப் பாட்டு ஒலிபரப்பிப் பிழைக்கும் நிறுவனம், பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டது! சிரிப்பு வந்தாலும், அங்கே வேலை செய்கிறவர்களின் அவதியைப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரே பாட்டை ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவதை மணிக்கணக்கில் கேட்பது மனத்தை வதைக்கும் சித்திரவதை முறைகளை ஒத்தது என்று நீதிபதி கருதினார். பாபேஜ் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

வழக்கில் எதிர்த்தரப்பு, சதுக்கத்தில் பாட உரிமம் கொடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி. பாடியவர்கள் அல்ல. தீர்ப்பைத் தொடர்ந்து 2025 ஏப்ரல் 17 முதல் சதுக்கத்தில் தெரு நிகழ்ச்சிகளையே நகராட்சி நிறுத்தி வைத்தது. உரிமம் வாங்கி, குறித்த இடத்தில் நின்று, விதிப்படி பாடியவருக்கும் அதே கதிதான். தன் பெயர் அடிபடாத ஒரு வழக்கில் அவர் தன் இடத்தை இழந்தார். அவரைத் தெருவில் நிற்க அனுமதித்த அதே தாள்தான் அவரை ஒரு கோப்பாக்கி வைத்தது. கோப்பை மூடிவைக்க யாரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் கோவென்ட் கார்டன். 1662 மே மாதம் அங்கே இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காய்கறிச் சந்தை 1974இல் வேறிடம் போய், 1980இல் கடைத்தெருவாகத் திறந்த பிறகு, தூய பவுல் தேவாலயத் தூண்களின் முன்னே வித்தைக்காரர்கள் மீண்டும் கூடினார்கள். கயிற்றைத் தரையில் போட்டு வட்டம் கட்டி, கூட்டம் கலையாமல் பேச்சிலேயே பிடித்து வைத்திருந்து, கடைசி வித்தைக்குச் சற்று முன்னால் தொப்பியை நினைவூட்டுவது அவர்கள் தொழில் நுணுக்கம். யார் எந்த நேரத்தில் ஆடுவது என்பதைத் தங்களுக்குள் சீட்டுப் போட்டே தீர்த்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் பஞ்சாயத்தும் அவர்களுடையதே. 2021இல் உரிமத் திட்டம் வந்தபோது அவர்களுடைய சங்கம் அதை ஏற்க மறுத்தது. இத்தனை காலம் நாங்களே ஒழுங்காக நடத்திய இடத்துக்கு எதற்குக் காகிதம் என்று கேட்டது. அன்று அது வீம்பாகப் பட்டிருக்கலாம். லெஸ்டர் சதுக்கத்துக்குப் பிறகு, அந்தக் கேள்விக்கு நகராட்சிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.