நூற்று நாற்பதும் நாலும்

திருவேங்கடம் வட்டாரத்துக்குப் பொட்டாசியம் புதுப் பொருள் அல்ல. தீப்பெட்டி ஆபீசில் குச்சியின் தலைக்கு முக்கும் மருந்தில் முக்கியச் சரக்கே பொட்டாசியம் குளோரேட்தான். வெறும் 'குளோரேட்' என்றாலே சங்கரன்கோவிலிலிருந்து சிவகாசி வரை விளங்கிக்கொள்வார்கள். அதே பொட்டாசியம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏறி வந்தால் மட்டும் ஆள் தெரியாமல் போய்விடுகிறது. "பாட்டிக்குச் சோடியம் இறங்கிருச்சாம்", "மாமாவுக்குப் பொட்டாசியம் கூடிருச்சாம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். எதிலிருந்து இறங்கியது, எங்கே ஏறியது என்பது சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

சீட்டு இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ் மட்டும் வாசிக்கிறவரும், நூற்பாலை வேலைக்கோ கட்டட வேலைக்கோ பீகாரிலிருந்து வந்து இந்தி மட்டும் வாசிக்கிறவரும் அதன் முன்னால் ஒன்றுதான். இங்கிலீஷ் தெரிந்தவருக்கும் முதல் வரியிலேயே தடுக்கும். சோடியத்துக்கு 'என்ஏ', பொட்டாசியத்துக்கு 'கே' என்று லத்தீன் வழி வந்த குறிகளைத்தான் போட்டிருப்பார்கள். அடுத்த வரியில் 'சிஎல்', அதாவது குளோரைடு. சில சீட்டுகளில் நாலாவதாக பைகார்பனேட்டும் இருக்கும். இந்த நாலையும் சேர்த்துத்தான் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்கிறார்கள்: ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து மின்னேற்றத்தோடு திரியும் உப்புத் துகள்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்றிருந்தால் வழக்கமான அளவைவிடக் கூடுதல், 'எல்' என்றிருந்தால் குறைவு. சீட்டு தானாகச் சொல்வது அவ்வளவுதான்.

சோடியத்தில் ஆரம்பிக்கலாம், தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான் அதிகம். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சரியான அளவு. சில லேப்களில் மில்லிஈக்விவலென்ட் என்று அச்சடிப்பார்கள். சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றுக்கும் எண் மாறாது. 140 மில்லிமோலைச் சமையல் உப்புக் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு எட்டு கிராம் சொச்சம் வரும். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் லிட்டருக்கு ஒன்பது கிராம்.

சோடியம் 122 என்று வந்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைச்சோம், அதான்" என்பது. பெரும்பாலும் அது காரணமே இல்லை. 122 என்பது உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற இருப்புக் கணக்கு அல்ல. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் அது. குழம்பில் போட்ட உப்பு அப்படியே இருக்க, இரண்டு செம்பு தண்ணீர் கூட விட்டால் உப்புச் சப்பில்லாமல் போகும் இல்லையா, ரத்தத்திலும் அதுதான் நடக்கிறது. சோடியம் இறங்கியவர்களில் பலருக்கு உப்பு குறைந்திருக்காது, தண்ணீர்தான் கூடியிருக்கும்.

இதயம் பலவீனப்பட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அவர் உடம்பில் உப்பு தேவைக்கு மேலேயே தேங்கியிருக்கிறது. ஆனால் தண்ணீர் அதைவிட அதிகமாகத் தேங்கிவிட்டதால் சீட்டில் 128 என்று காட்டும். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கும் இதே கதைதான். 'சோடியம் கம்மி' என்று கேள்விப்பட்டு இவர்களுக்கு ஊறுகாயும் கருவாடும் கொடுத்தால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கூடும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார், வீட்டாரோ ஆள் வாடுகிறாரே என்று மோர் கரைத்துக் கொடுப்பார்கள். பாசத்துக்கும் சீட்டுக்கும் நடக்கும் இந்தச் சண்டையில் பெரும்பாலும் பாசமே ஜெயிக்கிறது.

வயதானவர்களுக்கு இன்னொரு வழியிலும் இறங்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று ஒரு வகை உண்டு, சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும். எழுபது வயதுக்காரர் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் கஞ்சித் தண்ணியாகக் குடித்துக்கொண்டு இந்த மாத்திரையையும் விடாமல் போட்டால், எண் 120-க்குக் கீழே போகலாம். ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்போது தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை ஊதவைக்கும். கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டை ஓடு இடம் கொடுக்காது. தலைவலி, குமட்டல், பிறகு இடம் காலம் தெரியாத பேச்சு, வலிப்பு. நேற்றுவரை பேரன் பேத்தி பெயரெல்லாம் சரியாகச் சொன்ன பாட்டி திடீரென்று உளறினால், வயசாகிவிட்டது என்றோ காற்றுக் கருப்பு என்றோ முடிவு கட்டும் முன் சோடியத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இறங்கியது தெரிந்தால் உடனே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பல நாளாக மெல்ல இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்புறைகள் சிதைந்து, ஆள் நிரந்தரமாக முடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏறாதபடி காவல் காக்கிறார்கள். "மூணு நாளா வச்சிருக்காங்க, இன்னும் 128-தான்" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதிக் கோபம் அடங்கும்.

உப்பும் சேர்ந்தே போகும் சமயங்களும் உண்டு. கத்திரி வெயிலில் செங்கல் சூளையிலோ சென்ட்ரிங் வேலையிலோ வியர்த்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் உப்பு வியர்வையோடு போய்விடும், மிச்சமும் நீர்த்துப்போகும். வயிற்றுப்போக்கும் அப்படியே. அதற்கு மருந்து ஓஆர்எஸ் என்ற உப்பு-குளுக்கோஸ் பொட்டலம். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துச் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது. 2023-இல், அவர் மறைந்த பிறகு, பத்ம விபூஷண் அறிவித்தார்கள். இன்றைய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சோடியம் 75, பொட்டாசியம் 20 இருக்கும். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் கணக்கே மாறிவிடும். இளநீர் இதற்கு ஈடாகாது. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. ரத்தச் சர்க்கரை ஏறும்போது அது செல்களிலிருந்து தண்ணீரை இழுத்து ரத்தத்தை நீர்க்கச் செய்யும். சர்க்கரை 100-க்கு மேல் ஒவ்வொரு நூறு கூடும்போதும் சோடியம் 1.6 குறைந்து காட்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. சர்க்கரை 500, சோடியம் 130 என்றால் உண்மையில் 136-ஐ ஒட்டியே இருக்கிறது. சர்க்கரை இறங்கினால் சோடியம் தானாக ஏறும்.

இந்த எண்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். சோடியம் உப்பைத் தீயில் காட்டினால் மஞ்சள், பொட்டாசியத்தைக் காட்டினால் வெளிர் ஊதா. தனிமத்துக்குத் தனிமம் சுடரின் நிறம் மாறுவதை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று 1860 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் புன்சனும் கிர்க்காஃபும் நிறுவினார்கள். பட்டாசுக்காரர்கள் வானத்தில் செய்யும் இந்த வேலையை லேப்காரர்கள் பெட்டிக்குள் செய்தார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கக் கரைத்துக் கேஸ் சுடரில் தெளித்து, ஒவ்வொரு தனிமத்தின் ஒளியும் எவ்வளவு என்று அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டரை வயதான லேப் டெக்னீஷியன்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது சுடர் போய் மின்முனை வந்துவிட்டது. சோடியத்துக்கு அதற்கென்றே வார்த்த ஒரு தனிக் கண்ணாடி. பொட்டாசியத்துக்கு வாலினோமைசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த பொருள். வளைய வடிவ மூலக்கூறு அது. நடுவில் உள்ள குழி பொட்டாசியத்தின் பருமனுக்குக் கச்சிதம், அதைவிடச் சிறிய சோடியம் அதில் பிடிப்பில்லாமல் நழுவிவிடும். ரத்தத்தில் சோடியம் முப்பது மடங்குக்கு மேல் இருந்தாலும் பொட்டாசியத்தை மட்டும் பொறுக்கி எடுக்க முடிவது இதனால்தான். துகள்கள் இப்படி ஒட்டும்போது உண்டாகும் மின்னழுத்தத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. சோடியம் 135-க்கும் 145-க்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் இரண்டு மில்லிவோல்ட்கூட வராது. இந்த நூலிழையில் நடக்கும் கருவியை, அளவு தெரிந்த கரைசலை வைத்து அடிக்கடி சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் ஒரு லேபில் 134, மாலையில் இன்னொரு லேபில் 136 என்று வந்தால் இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம்.

பொட்டாசியத்தில் அப்படிச் சாதாரணமாக இருந்துவிட முடியாது. 3.5 முதல் 5 வரைதான் இடம். 4 என்றால் நிம்மதி, 6.5 என்றால் அவசரம். ஏன் இவ்வளவு குறுகல்? உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே லிட்டருக்கு 140-ஐ ஒட்டி, வெளியே ரத்தத்தில் வெறும் 4. சோடியத்துக்கு நேர் தலைகீழ். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஓயாமல் ஓடும் ஒரு பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் இதன் தடயத்தைக் கண்டார், நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது. இதயம் சீராகத் துடிப்பதும் தசை சுருங்குவதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான். வெளியே இருக்கும் 4 என்பது 7 ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாம். 2.5-க்கு இறங்கினாலும் கால் துவண்டு, துடிப்பு தப்பும்.

இங்கேதான் சிற்றூர்களுக்கே உரிய ஒரு சிக்கல். ரத்தம் எடுப்பது ஓரிடம், சோதிப்பது வேறிடம். குழாய் பஸ்ஸிலும் பைக்கிலும் பயணம் போகிறது. சீரத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். கெட்டுப்போகக் கூடாதே என்று ஐஸ் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம், குளிரில் அந்தப் பம்பு படுத்துவிடும். ஊசியில் ரத்தத்தை வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் கொட்டும். கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும் எண் ஏறும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் மருந்தே ஒரு பொட்டாசியம் உப்பு. அதிலிருந்து ஒரு சொட்டு மற்றக் குழாயில் கலந்தாலும் போச்சு. நன்றாக நடந்து வந்த மனிதருக்கு 6.8 என்று வந்தால் நல்ல டாக்டர் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். அதைக் காசு பிடுங்கும் வேலை என்று நினைக்க வேண்டாம்.

நிஜமாகவே ஏறுவது பெரும்பாலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். அதோடு இளநீரும் வாழைப்பழமும் சேர்ந்தால் எண் தாண்டிவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பாதி இடத்தைப் பொட்டாசியம் குளோரைடு பிடித்துக்கொண்டிருக்கலாம். இத்தகைய உப்பை 2025 ஜனவரியில் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது. ஏறிய பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுப்பார்கள். "இவருக்குச் சுகரே கிடையாதே" என்று பதற வேண்டாம், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதும் இன்சுலினின் வேலைதான்.

குளோரைடும் பைகார்பனேட்டும் டாக்டருக்கான வரிகள். குளோரைடு பெரும்பாலும் சோடியத்தின் பின்னாலேயே போகும். பைகார்பனேட் 22-லிருந்து வெகுவாக இறங்கினால் ரத்தத்தில் அமிலம் சேர்கிறது என்று பொருள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பும் வடநாட்டுத் தொழிலாளி இந்தச் சீட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. என்ஏ, கே என்ற குறிகளும் எண்களும் பாட்னாவிலும் ராஞ்சியிலும் மாறப்போவதில்லை. மாறுவது மாத்திரையின் கம்பெனிப் பெயர். இங்கே வாங்கிய அட்டை அங்கே கிடைக்காமலும் போகலாம். அதனால் சீட்டின் பின்பக்கத்திலேயே மருந்தின் மூலப் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும், ரத்தம் எடுத்த தேதியையும், கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.