தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அவசரம் தீருமா?

வற்றாத ஜீவநதி ஓடும் ஊர் திருநெல்வேலி. ஆனாலும் பாபநாசம் தொடங்கி பாளையங்கோட்டை வரை, வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்கவே பயப்படும் பெண்கள் உண்டு. பஸ்ஸில் போகும்போது அவசரமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். நாளாக ஆக கல்யாண வீடு, ஆனித் தேரோட்டம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பயணம் என்று ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. கேட்டால், ‘வயசானா அப்படித்தான்’ என்பார்கள்.

வயது கூடக் கூட இந்தத் தொல்லை அதிகம் வரும் என்பது உண்மை. அதற்காகச் சகித்துக்கொண்டே வாழ வேண்டியதில்லை. ‘ஓவர் ஆக்டிவ் பிளாடர்’ எனப்படும் இந்தப் பிரச்னைக்குச் சிகிச்சை உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது?

பெரியவர்களின் சிறுநீர்ப்பையில் சுமார் 300 முதல் 500 மி.லி. வரை சிறுநீர் தங்கும். பை நிரம்பும்போது மூளைக்குத் தகவல் போகும். ‘கொஞ்சம் பொறு’ என்று மூளை சொன்னால் பையும் பொறுக்கும். இந்தப் பிரச்னை உள்ளவர்களுக்கோ, பை நிரம்பும் முன்பே அதன் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

திடீரென வந்து தள்ளிப்போட முடியாமல் நெருக்கும் அவசரம்தான் முக்கிய அறிகுறி. பகலில் எட்டு முறைக்கு மேல் போவது, இரவில் தூக்கம் கலைந்து எழுவது, கழிப்பறையை எட்டும் முன் கசிந்துவிடுவது ஆகியவையும் சேர்ந்து வரலாம். இருமும்போதும் தும்மும்போதும் குடம் தூக்கும்போதும் கசிவது வேறு வகை. சிலருக்கு இரண்டுமே இருக்கும். எப்போது கசிகிறது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பலருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. சர்க்கரை நோய், மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள், பக்கவாதம், உடல் பருமன், மலச்சிக்கல், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் ஆகியவை இதைத் தூண்டலாம்.

அடக்குவதும் தவறு... எதற்கும் போய்வருவதும் தவறு!

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நடவு வயலில் நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. முக்கூடல் பக்கம் மடியில் சுளவை வைத்து பீடி சுற்றும் பெண்கள் கணக்கை முடிக்கும்வரை எழ மாட்டார்கள். இருவரும் கண்டுபிடிக்கும் வழி, தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும். அவசரம் கூடும். மலச்சிக்கலும் நோய்த்தொற்றும் துணைக்கு வரும்.

‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்’ என்று அவசரம் இல்லாமலே போவதும் நல்லதல்ல. கொஞ்சம் நிரம்பினாலே காலிசெய்ய, சிறுநீர்ப்பை பழகிவிடும்.

பரிசோதனைகள் என்னென்ன?

முதல் பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம். மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில், எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எவ்வளவு, கசிந்ததா என்று எழுதுங்கள். அந்த நோட்டே டாக்டருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். பிறகு நோய்த்தொற்று இருக்கிறதா என்று அறிய சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் இந்தத் தொல்லையைச் சொல்லி, எங்கே காட்டுவது என்று கேட்கலாம்.

மாத்திரைக்கு முன் பயிற்சி

மணிக்கு ஒரு முறை போகிறவர் என்றால், முதல் வாரம் 10-15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். வாரா வாரம் இடைவெளியைக் கூட்டி, மூன்று மணி நேரத்தை எட்டுவதே இலக்கு. அவசரம் நெருக்கும்போது ஓடாதீர்கள். நின்று அல்லது உட்கார்ந்து, இடுப்படித் தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்தி, மூச்சை நிதானமாக விடுங்கள். நெருக்கடி தணிந்த பிறகு மெதுவாக நடந்து போங்கள்.

வாயு வெளியேறாமல் அடக்க இறுக்குகிறோமே, அதுதான் இடுப்படித் தசை. ஐந்து விநாடி இறுக்கி ஐந்து விநாடி தளர்த்த வேண்டும். இப்படி 10 முறை, தினமும் மூன்று வேளை. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம்.

காபி, டீ, குளிர்பானத்தைக் குறையுங்கள். பகலில் போதிய தண்ணீர் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவை மீறக் கூடாது.

பயிற்சி போதாதபோது மாத்திரைகள் உண்டு. சில வகைகளால் வாய் உலரும், மலம் இறுகும், முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். மிராபெக்ரான் வகை ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். எனவே கடையில் தாமாக வாங்கக் கூடாது. மாத்திரைக்கும் கேட்காவிட்டால் சிறுநீர்ப்பையில் போடாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் சிகிச்சை என அடுத்த கட்டங்களும் இருக்கின்றன.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலுடன் வலி, சிறுநீர் அடைத்துக்கொள்வது, காலில் திடீர் மரமரப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. புறவாசல் கழிப்பறைக்கு நள்ளிரவில் அவசரமாக ஓடி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் முதியவர்களின் நடமாட்டமே முடங்கிவிடலாம். போகும் வழியில் ஒரு விளக்கு போடுங்கள். வழியில் கிடக்கும் வாளியையும் மிதியடியையும் ஒதுக்கி வையுங்கள். அம்மாவோ ஆச்சியோ வெளியே வர மறுத்தால், காரணம் இதுவாக இருக்குமோ என்று ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.