நிசான் மீண்ட கதை

1970ஆம் ஆண்டுகளில் மலேசியச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டட்சன் 120 ஒய் என்ற பெயர் பலருடைய நினைவிலிருந்து வரும். அந்தச் சிறிய மகிழுந்தை உருவாக்கியது ஜப்பானின் நிசான் நிறுவனம். 1933ஆம் ஆண்டில் தோன்றிய நிசான், நெடுங்காலம் ஜப்பானிய வாகனத் துறையில் டொயோட்டாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஆனால், 1999ஆம் ஆண்டில் அது கடனில் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது நிசானுக்கு ஏறத்தாழ 2 டிரில்லியன் யென் கடன் இருந்தது. ஒரு டிரில்லியன் என்பது ஆயிரம் பில்லியன். முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் நட்டத்திலேயே கழிந்திருந்தன. வங்கிகள் மேலும் கடன் தரத் தயங்கின. நிறுவனத் தலைவர் யோஷிகாசு ஹனவா வெளிநாட்டுப் பங்காளிகளைத் தேடினார். டைம்லர்கிரைஸ்லர் நிறுவனத்துடன் நடந்த பேச்சு 1999 மார்ச்சில் முறிந்தது. அதே மாதத்தில் பிரான்சின் ரெனால்ட் நிறுவனம் முன்வந்தது. ஏறத்தாழ 5.4 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டில் நிசானின் 36.8 விழுக்காட்டுப் பங்கு அதன் கைக்குச் சென்றது. நட்டத்தில் ஓடும் நிறுவனத்தில் இவ்வளவு பணத்தைப் போடுவது ஆற்றில் கொட்டுவதற்குச் சமம் என்று பலர் கருதினர்.

மகிழுந்துகள் விற்றுக்கொண்டுதானே இருந்தன? பிறகு எப்படி நட்டம் வந்தது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் நிசானின் நோய் அடங்கியிருந்தது.

ஒரு மகிழுந்தைத் தயாரிக்க ஆகும் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு, வெளியாரிடமிருந்து வாங்கும் உதிரிப்பாகங்களுக்கும் மூலப்பொருள்களுக்கும் போய்விடும். இரும்புத் தகடு, விளக்கு, இருக்கை, சக்கரம் எனப் பட்டியல் நீளும். நிசான் இவற்றை ரெனால்ட் கொடுத்ததைவிட 20 முதல் 25 விழுக்காடு அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் ‘கெய்ரெட்சு’ எனப்படும் ஜப்பானிய வணிக உறவுமுறை. இம்முறையில் பெரிய நிறுவனம் தனக்குப் பொருள் வழங்கும் சிறிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளும்; அவற்றிடமே தொடர்ந்து பொருள் வாங்கும். ஓய்வு பெறும் அதிகாரிகள் அந்தச் சிறிய நிறுவனங்களில் பதவி ஏற்பதும் வழக்கம். சொந்தக்காரரின் கடையில் யார்தான் பேரம் பேசுவார்? பேரம் பேசாததால் விலையும் இறங்கவில்லை.

இவ்வாறு 1,394 நிறுவனங்களில் நிசானின் பணம் முடங்கிக் கிடந்தது. புதிய மகிழுந்துகளை வடிவமைக்கப் பணமில்லை என்று கூறிய நிறுவனத்தின் செல்வம் பிறருடைய பங்குப் பத்திரங்களாக உறங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானில் இருந்த அதன் ஆலைகளோ தம் ஆற்றலில் பாதியளவே உற்பத்தி செய்தன. பாதி ஆலை சும்மா நின்றாலும், முழு ஆலைக்கும் மின்சாரம், பராமரிப்பு, ஊதியம் என்று செலவு ஆகத்தான் செய்யும். நிசான் விற்ற 43 வகை மகிழுந்துகளில் நான்கு மட்டுமே இலாபம் ஈட்டின என்பது பின்னர் கணக்கிட்டபோது தெரியவந்தது.

ரெனால்ட் அனுப்பிய கார்லோஸ் கோன் 1999 ஜூனில் நிசானின் நிர்வாகப் பொறுப்பில் அமர்ந்தார். பிரேசிலில் லெபனானியக் குடும்பமொன்றில் பிறந்து, பெய்ரூட்டிலும் பாரிசிலும் படித்தவர் அவர். செலவுகளை இரக்கமின்றி வெட்டுபவர் என்ற பெயர் அவருக்கு முன்பே இருந்தது. எனினும், அவர் வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைக்கவில்லை. கொள்முதல், பொறியியல், விற்பனை, நிதி எனப் பல பிரிவுகளின் நடுநிலை மேலாளர்களைக் கலந்து ஒன்பது குழுக்களை அமைத்தார். ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய பத்துப் பேர் இருந்தனர். எந்தச் செலவையும் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. காலக்கெடு மூன்று மாதம்.

அதுவரை, விற்பனை குறைந்தால் பொறியாளர்கள் விற்பனைப் பிரிவைக் குறை கூறினர். விற்பனைப் பிரிவினர் நிதிப் பிரிவைக் கைகாட்டினர். இப்போது எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டியதாயிற்று. அங்கே ஒரு மொழிச் சிக்கலும் தலைதூக்கியது. ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலத்தில் பேசினாலும், ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் புரிந்துகொண்டனர். ‘இலக்கு’ என்பது முயன்று பார்க்க வேண்டிய ஒன்றா, கட்டாயம் எட்ட வேண்டிய ஒன்றா? ‘உறுதிமொழி’ என்பது யாரைக் கட்டுப்படுத்தும்? இக்குழப்பத்தைத் தீர்க்க, ஏறத்தாழ 40 சொற்களுக்கு விளக்கம் தரும் சிறிய அகராதி ஒன்றை நிறுவனமே உருவாக்கியது. மொழி கற்கும் மாணவர்களுக்கு இது வியப்பளிக்காது. சொல்லின் பொருள் தெளிவாகாமல் ஒப்பந்தம் எப்படித் தெளிவாகும்?

1999 அக்டோபர் 18ஆம் நாள், நிசான் மறுமலர்ச்சித் திட்டம் வெளியிடப்பட்டது. அதில் மூன்று உறுதிமொழிகள் இருந்தன. 2000ஆம் நிதியாண்டிலேயே இலாபம் ஈட்டுவது. 2002ஆம் நிதியாண்டுக்குள் விற்பனை வருவாயில் 4.5 விழுக்காட்டைச் செயற்பாட்டு இலாபமாகப் பெறுவது. அதே காலத்திற்குள் வாகனத் தொழிலின் நிகரக் கடனை 700 பில்லியன் யென்னுக்குக் கொண்டுவருவது. இவற்றுள் ஒன்று தவறினாலும் தாமும் உயர்நிலை நிர்வாகிகளும் பதவி விலகுவதாகக் கோன் அறிவித்தார்.

இந்தத் திட்டத்துக்கான விலையை அலுவலகத்தில் இருந்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. ஐந்து ஆலைகள் மூடப்படும் என்றும், உலகெங்கும் 21,000 வேலைகள் குறைக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. மூடப்படவிருந்தவற்றுள் பெரியது தோக்கியோவின் முராயாமா ஆலை. நிசானின் பெருமைக்குரிய ஸ்கைலைன் மகிழுந்து அங்கேதான் தயாரிக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் ஒரே நிறுவனத்தில் வேலை என்ற நம்பிக்கையில் ஊறிய நாட்டில் இச்செய்தி இடியாக இறங்கியது. வேலைக் குறைப்பின் பெரும்பகுதி, ஓய்வு பெற்றோரின் இடங்களை நிரப்பாமல் விடுவதன் வழியே நடைபெற்றது உண்மைதான். ஆனால், முராயாமா தொழிலாளர்கள் ஒப்பாமா, தொச்சிகி போன்ற தொலைவிலுள்ள ஆலைகளுக்கு மாற வேண்டும் அல்லது விலக வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் விட்டுவிட்டுத் தனியே செல்வது எளிதான முடிவா? நிசானின் கணக்குப் புத்தகம் இக்கேள்வியைக் கேட்கவில்லை.

பொருள் வழங்கும் நிறுவனங்களின் நிலையும் மாறியது. 1,145 ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கையை 600 ஆகக் குறைக்கவும், கொள்முதல் செலவை மூன்று ஆண்டுகளில் 20 விழுக்காடு குறைக்கவும் நிசான் திட்டமிட்டது. விலையைக் குறைத்தவர்களுக்கு அதிக வேலை கிடைத்தது. மற்றவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். எஃகுத் தொழிலையே இந்த அதிர்ச்சி உலுக்கியது. என்கேகே, கவாசாகி ஸ்டீல் என்ற இரு பெரும் நிறுவனங்கள் 2002இல் இணைந்து ஜேஎஃப்இ நிறுவனமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1999ஆம் நிதியாண்டில் நிசானின் நட்டம் 684 பில்லியன் யென். அடுத்த நிதியாண்டில் அது 331 பில்லியன் யென் இலாபம் ஈட்டியது. இந்தப் பாய்ச்சலைக் கண்டு கைதட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலைகளை மூடுவதற்கான செலவு போன்ற பெருந்தொகைகளை நிசான் 1999ஆம் ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவிட்டது. ஆகவே, அவ்வாண்டின் பள்ளம் ஆழமாகத் தெரிந்தது; மறு ஆண்டின் மேடும் உயரமாகத் தெரிந்தது. அதற்காக மீட்சியைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2001ஆம் நிதியாண்டில் செயற்பாட்டு இலாபம் 7.9 விழுக்காட்டை எட்டியது. மூன்று உறுதிமொழிகளும் ஓராண்டுக்கு முன்பாகவே நிறைவேறின.

செலவைக் குறைத்தால் நட்டம் நிற்கும். ஆனால் வாடிக்கையாளர் வருவதற்கு நல்ல வாகனம் வேண்டும். பங்குகளையும் தேவையற்ற சொத்துகளையும் விற்றுக் கிடைத்த பணத்தின் ஒரு பகுதி வடிவமைப்புக்குச் சென்றது. இசுசு நிறுவனத்தில் பணியாற்றிய ஷிரோ நகாமுரா வடிவமைப்புத் தலைவராக அழைத்து வரப்பட்டார். 2000இல் எக்ஸ் டிரெயில் வெளிவந்தது. உற்பத்தி நின்றுபோயிருந்த ஃபேர்லேடி விளையாட்டு மகிழுந்து 2002இல் புதிய உருவில் திரும்பியது. கோனின் வாழ்க்கை ஜப்பானியச் சித்திரக்கதையாகவும் வெளிவந்தது.

அந்தப் புகழ் நீடிக்கவில்லை. 2018 நவம்பரில் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் கோன் தோக்கியோவில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகளை மறுத்த அவர், 2019 இறுதியில் பிணையில் இருந்தபோது இரகசியமாக லெபனானுக்குத் தப்பிச் சென்றார். நிசானும் மீண்டும் தள்ளாடியது. 2019ஆம் நிதியாண்டில் 671 பில்லியன் யென் நட்டமடைந்தது. 2024ஆம் நிதியாண்டிலும் ஏறத்தாழ அதே அளவு நட்டத்தைக் கண்டது. 2025இல் வெளியிடப்பட்ட புதிய மீட்புத் திட்டம் 20,000 வேலைகளைக் குறைக்கவும், 17 ஆலைகளைப் பத்தாகக் குறைக்கவும் வழிவகுக்கிறது. 2028 மார்ச்சுக்குள் மகிழுந்து உற்பத்தி நிறுத்தப்படவுள்ள ஆலைகளுள் ஒப்பாமாவும் ஒன்று. முராயாமாவை விட்டுச் சென்ற தொழிலாளர்கள் சிலருக்கு இடமளித்த ஆலை அது.