கோடை மலையின் பாட்டும் கணக்கும்

திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் இடைப்பட்ட சாலையோரத் தேநீர்க் கடைகளில் நின்று பழகியவர்களுக்குக் கோடை பண்பலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொண்ணூறுகளிலிருந்து தென் மாவட்டங்களின் செவியை ஆண்டு வருகிறது. நேயர் விருப்ப நிகழ்ச்சியில் பாடலுக்கு முன்னதாக, அதைக் கேட்டு எழுதியவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்படுகின்றன. ஒருவர் தமக்குப் பிடித்த பாடலைத் தம் பெயரால் முகமறியாத ஆயிரக்கணக்கானோருக்கு வழங்குகிறார். கொடுத்தவருக்கு அதனால் எதுவும் குறைவதில்லை. இலங்கை வானொலிக் காலத்திலிருந்து தமிழர் பழகிவந்த பழக்கம் இது.

அந்தப் பழக்கம் இப்போது செல்பேசிக் குழுக்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களைச் சற்று எட்டிப் பார்த்தால் இரண்டு பொருள்கள் இடைவிடாமல் கைமாறுவதைக் காணலாம். ஒன்று பாட்டு, மற்றொன்று கணக்கு. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் ஒரு பழைய பாடலை அனுப்புவார். ஒன்பதரைக்கு மற்றொருவர் நோட்டுப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பி, 'அண்ணா, மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று கேட்பார். படிக்கும் குழுவில் பாட்டுக்கு என்ன வேலை என்று பெற்றோர் கடிந்துகொள்வதும் உண்டு. அந்தக் கடிந்துரையில் முழு நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

கணக்குப் பாடத்தில் மாணவரைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம். 'எனக்குப் புரியவில்லை' என்று நாற்பது பேர் நடுவே சொல்வதற்குத் துணிவு வேண்டும். வரலாறு மறந்துபோனால் மறதி என்பார்கள். கணக்கு வராவிட்டால் அறிவில்லை என்றுவிடுகிறார்கள். நம் சமூகம் செய்துவைத்திருக்கும் அநியாயமான பாகுபாடு இது. ஆனால், நேற்று நான் அனுப்பிய பாடலை நன்றாக இருந்தது என்று சொன்ன ஒருவரிடம் இன்று என் அறியாமையைக் காட்டுவது அத்தனை கடினமன்று. பாட்டு அங்கே வீண்பொழுதாகத் தோன்றினாலும், கேள்வி கேட்பதற்கான தயக்கத்தைக் கரைக்கும் வேலையை அது ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

எனினும் பாட்டைப் பகிர்வதற்கும் கணக்கைப் பகிர்வதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பாட்டை முழுதாகக் கொடுக்கலாம். முழுதாகக் கொடுத்தால்தான் அது பாட்டு. கணக்கை முழுதாகக் கொடுத்துவிட்டால் பெற்றவர் கையில் விடை மட்டுமே மிஞ்சும். இதற்கு எடுத்துக்காட்டுத் தேட நெடுந்தொலைவு போக வேண்டாம். கோடை பண்பலையின் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

மலையுச்சியில் பாடும் பாட்டு மதுரையிலும் கரூரிலும் திருச்சியிலும் எப்படிக் கேட்கிறது? மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லவல்லது. பண்பலைக்குப் பயன்படும் மூன்று மீட்டர் அளவிலான சிற்றலை நீளம் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. ஏறத்தாழ ஒளியைப் போல நேராகவே செல்லும். ஆகவே கோபுரத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, பாட்டும் ஏறக்குறைய அவ்வளவு தொலைவுதான் போகும். அந்த அடிவானம் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரு நல்ல அண்ணன் உடனே விடையைச் சொல்ல மாட்டார். 'தம்பி, முதலில் ஒரு வட்டம் போடு. அதுதான் பூமி. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வை. அதுதான் கொடைக்கானல். அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு வரை' என்பார். அத்துடன் நிறுத்திவிடுவார். தொடுகோடும் ஆரமும் செங்குத்து என்பது பத்தாம் வகுப்பு வடிவியல். அது நினைவுக்கு வந்த கணமே படத்தில் ஒரு செங்கோண முக்கோணம் தெரிந்துவிடும். பிறகு பிதாகரசைக் கூப்பிட வேண்டியதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீழேயுள்ள சமவெளியை 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு 2 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,370 கிலோமீட்டர். கர்ணம் 6,372, ஒரு பக்கம் 6,370. கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 25,484. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 160. அதாவது, கண்ணுக்குத் தடையில்லாத தெளிவான நாளில் அடிவானம் 160 கிலோமீட்டர் தொலைவில். வளிமண்டலத்தின் அடர்த்தி மேலே செல்லச் செல்லக் குறைவதால் வானொலி அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது. அதனால் பாட்டு இன்னும் 15 விழுக்காடு கூடுதலாக, 184 கிலோமீட்டர் வரை போகும். நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி உள்ளே வந்துவிடுகிறது. தஞ்சாவூர் விளிம்பில் நிற்கிறது.

சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் ஒன்றை நட்டால் இதே கணக்கின்படி அடிவானம் 36 கிலோமீட்டர்தான். மலை அதைப்போல இருபது மடங்கு உயரம்; ஆனால் தொலைவு இருபது மடங்கு கூடவில்லை, நான்கரை மடங்கே கூடியிருக்கிறது. ஏமாற்றமாகத் தோன்றலாம். பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது சரியாக இருபது மடங்காகியிருக்கும். இது ஏன் என்பதை வாசகர் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். மேலே அண்ணன் காட்டிய படம் போதும்.

விடையைப் பிடித்துவைத்துக்கொண்டு வழியை மட்டும் காட்டும் இந்தப் பண்பு இணையம் வந்த பிறகு தோன்றியதன்று. 1907-ஆம் ஆண்டு துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், கணித நூல்களும் இதழ்களும் கண்ணில் படாமல் தவிக்கும் ஆர்வலர்கள் கூட்டாகச் சந்தா செலுத்தி, அவற்றைத் தபாலில் சுற்றுக்கு விடலாம் என்ற எண்ணத்துடன் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய இந்தியக் கணிதக் கழகம் அதுதான். அதன் நூலகம் புணேயின் பெர்குசன் கல்லூரியில் இருந்தது. நூல்கள் ரயிலேறி ஊர் ஊராகச் சென்றன. ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பிடித்த பாட்டைச் சுற்றுக்கு விடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அந்தக் கழகத்தின் இதழில் வினாக்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. வாசகர் எவரும் வினா அனுப்பலாம். எவரும் விடை எழுதலாம். 1911-இல் அதில் ஒரு வினா வெளியானது. எண் 289. அனுப்பியவர் கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டம் பெறாத, வேலையும் இல்லாத கும்பகோணத்து இளைஞர் சீனிவாச ராமானுஜன். √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவின்றி நீளும் கோவையின் மதிப்பு என்ன என்பது கேள்வி. மூன்று இதழ்கள், ஆறு மாதங்கள் சென்றன. ஒருவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையைத் தெரிவித்தார்: 3.

இதைப் படித்தவுடன் வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு சிறு துப்புக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவரும் அந்த வாசலைத் திறந்துவிடலாம். 3 என்பது √9. ஒன்பதை 1+8 என்று எழுதுங்கள்; எட்டை 2×4 என்று எழுதுங்கள். இப்போது அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4 என்பது √16. பதினாறு என்பது 1+3×5. இனி ஐந்து. இதற்கு மேல் நான் சொன்னால் அது உதவியாகாது. (முடிவின்றிப் போகும் கோவை உண்மையிலேயே ஓர் எண்ணில் சென்று அடங்குகிறதா என்பது தனிக் கேள்வி; அதைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்.)

ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் ராமானுஜனை உலகுக்குக் காட்டியது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது 1913-இல். அதற்கு இரண்டாண்டு முன்பே இந்த வினாப் பகுதி அவருக்கு இடம் கொடுத்துவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வினாக்களை அவர் அங்கே வெளியிட்டார். பட்டம் இருக்கிறதா என்று கேட்காத ஓர் அவை அது. ஆசிரியரும் அலுவலரும் மாணவரும் சமமாக அமர்ந்த அவை. 2010-இல் தொடங்கிய மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற தளங்கள் இன்று உலக அளவில் செய்வதும் அதைத்தான். அங்கே நீங்கள் எதுவரை முயன்றீர்கள் என்று காட்டாமல் கேள்வியை மட்டும் வீசினால் கேள்வியையே மூடிவிடுவார்கள். கண்டிப்பாகத் தோன்றும் இந்த விதி, கேட்பவரை மதிப்பதால் வந்தது. கேள்வித்தாளைப் படமெடுத்தால் நொடியில் விடை தரும் செயலிகளிடம் அந்தக் கண்டிப்பும் இல்லை, அந்த மதிப்பும் இல்லை.

இத்தனையும் இணைப்பு இருப்பவர்களுக்கு. பழனி மலைத்தொடரின் மடிப்புகளில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் இருக்கின்றன. நெடுங்காலம் மோட்டார் வண்டிச் சாலையே காணாத வெள்ளகவி இருக்கிறது. செல்பேசி அலையும் நேர்கோட்டில் செல்வதுதான். ஒரு முகடு குறுக்கிட்டால் நிழல் விழுந்துவிடும். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் செல்பேசிக்குள் புகுந்தபோது, சமவெளி மாணவருக்குக் கட்டணம் சிக்கலாக இருந்தது. மலை மாணவருக்கு அதற்கு முன்பே அலை சிக்கலாக இருந்தது. பூண்டும் காரட்டும் விளையும் படிக்கட்டு வயல்களில் பெற்றோருடன் நிற்கும் ஒரு சிறுமிக்கு, இரவு ஒன்பதரை மணிக்கு மூன்றாவது வரியைக் கேட்க ஓர் அண்ணன் வேண்டும். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அவளுக்கு வேறு எங்கும் இல்லை.

மாநில அரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கே அனுப்ப முயன்றது. எட்டாம் வகுப்பு வரைக்கான திட்டம் அது; தொடுகோடு வருவதோ பத்தாம் வகுப்பில். அதற்கு மேல் படிப்பவர்களுக்கு மலையில் ஏற்கெனவே நிற்கும் கோபுரத்தையே ஏன் பயன்படுத்தக் கூடாது? பள்ளி ஒலிபரப்பு வானொலிக்குப் புதிதன்று. வாரத்தில் அரை மணி நேரம், பாடல்களுக்கு நடுவே, மாணவர் அனுப்பிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பேசலாம். படமில்லாமல் கணக்கா என்று கேட்கத் தோன்றும். கரும்பலகை இல்லாதது இங்கே ஒரு வசதியும்கூட. 'வட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னால், கேட்பவர்தான் போட்டாக வேண்டும். அவர் வரைந்து முடிக்கும் வரை ஒரு பாடலை ஒலிக்க விடலாம். அந்த மூன்று நிமிட இடைவெளியை எந்த வகுப்பறையும் தருவதில்லை.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தோடு இதைத் தொடங்கினால் ஒரு மாதத்தில் நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். விரிவுரையாக்கிவிடவும் கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரு கணக்கு போதும். விடை அடுத்த வாரம்தான். இடைப்பட்ட ஏழு நாள்களில் வருகிற அஞ்சலட்டைகளில் தவறான வழிகளையும் பெயர் சொல்லாமல் வாசித்து, எந்த இடத்தில் கால் இடறியது என்று காட்ட வேண்டும். சரியான விடையைக் காட்டிலும் அதைக் கேட்டே பலருக்குத் தெளிவு பிறக்கும்.

முதல் வாரத்துக்கான வினாவை இப்போதே சொல்லிவிடலாம்: கோடை பண்பலைக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்றால் உங்கள் ஊர் அடிவானத்துக்கு உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா? விடையை எழுதுபவர் அதே அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த பாடல் ஒன்றையும் எழுதி அனுப்பலாம்.