பழைய காரில் செல்ஃப் எடுக்காதபோது: கொடைக்கானல் குளிரில் பேட்டரியும் ஸ்டார்ட்டரும்

மதுரையிலோ கோவையிலோ வாங்கிய பழைய அம்பாசடர், ஊரில் இருந்தவரை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகியிருக்கும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏற்றிய மறுநாள் காலை அதே வண்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். பழைய வண்டி வாங்குபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இது. பெரும்பாலும் கோளாறு மலையில் பிறந்ததல்ல. வண்டியில் ஏற்கெனவே இருந்ததைக் குளிர் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் உடனே புது பேட்டரி வாங்குவதுதான் வழக்கம். பல வண்டிகளில் அது வீண் செலவு. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் வரை கரண்ட் போகும் வழியை அளந்து பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். சில நாட்களில் புல்வெளியில் உறைபனி படியும். ஈய-அமில பேட்டரி மின்சாரம் தருவது ஒரு வேதிவினையால். குளிரில் அந்த வினை மந்தமாகிறது. 27 டிகிரியில் முழு வலுவோடு இருக்கும் பேட்டரி 0 டிகிரியை நெருங்கும்போது, எஞ்சினைச் சுற்றும் வலுவில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால், எஞ்சினைச் சுற்ற முன்பைவிட அதிக வலு தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடும் அந்த விடியற்காலையில், சமவெளியில் எப்படியோ சமாளித்துவந்த பேட்டரி தோற்றுவிடுகிறது. வெப்ப நாடுகளில் விற்கும் பேட்டரிகளில் ஆயுளைக் கருதி அமிலத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைத்தே வைப்பதும் மலைக்குளிரில் கைகொடுப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு பேட்டரி, ஸ்டார்ட்டர் துறையில் பழைய உறவு உண்டு. பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியலை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு நிலமும் பணமும் தந்தவர் அழகப்பச் செட்டியார். அந்நாளைய இந்தியக் கார்களின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைச் செய்த லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கியது. அதன் ஆலை சென்னை பாடியில் இருக்கிறது. அதே 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கியது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

வண்டி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்பது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடர், ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கலாம். பின்னால் வந்த உரிமையாளர் யாரேனும் அதை மாற்றியும் இருக்கலாம். இது தெரியாமல் பேட்டரியைத் திருப்பிப் போட்டால், ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் அதன் டையோடுகள் நொடியில் எரிந்துபோகும், ரேடியோவும் தப்பாது.

அடுத்தது பேட்டரி. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு மல்டிமீட்டரை வைத்தால், முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால் பங்கு. அளவு சரியாக இருப்பதால் மட்டும் பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே தட்டுகளில் சல்பேட் படிந்த பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 காட்டும், செல்ஃப் அடித்ததும் 8-க்குச் சரியும். ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றும்போதே ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையான சாட்சி. ஆறு செல்களிலும் அமிலத்தின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அந்த ஒற்றைச் செல் போய்விட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். குளிரில் அமிலம் சுருங்கி அடர்த்தி கூடுதலாகத் தெரியும் என்பதை மலையில் மறக்கக் கூடாது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கழிக்க வேண்டும். 7 டிகிரி காலையில் 1.250 என்று காட்டுவது, 27 டிகிரிக் கணக்கில் 1.236 மட்டுமே.

பேட்டரி தேறிவிட்டால் தேட வேண்டிய இடம் இணைப்புகள். கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது. டெர்மினலுக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவே வெள்ளைப் பூப்போலப் பூத்த உப்பு வெறும் 0.01 ஓம் தடையை உண்டாக்கினாலே அங்கே 1.5 வோல்ட் தொலைந்துபோகும். ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும் என்பதால் அந்தத் தடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். கிளாம்பில் வைத்தால் கோளாறு அளவுக்குள் வராது. மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்முனையில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால், அந்தப் பாதையில் தொலையும் வோல்ட் நேராகத் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் பாதையில் எங்கோ அழுக்கோ தளர்வோ இருக்கிறது. எர்த் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் 0.3-ஐத் தாண்டக் கூடாது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு மின் தொடர்பு கிடையாது. பின்னிய செப்புப் பட்டை ஒன்று இரண்டையும் இணைக்கிறது. எண்ணெயும் மண்ணும் அப்பி, வண்டிக்கு அடியில் ஒரு மூலையில் தொங்கும் அந்தப் பட்டை அறுந்துபோனால் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் எஞ்சினையும் பாடியையும் தொடுகின்றன. 150 ஆம்பியர் அவற்றின் வழியே பாயப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் குமிழ் சுடுகிறது, கேபிளின் உறை புகைகிறது என்றால் வேறு எதையும் சோதிக்காமல் எர்த் பட்டையை மாற்றலாம்.

டெர்மினல்களைக் கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் உப்பு நுரைத்துக் கரையும். கரைசல் செல்லுக்குள் போய்விடக் கூடாது. உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம்.

மீட்டர் இல்லாத இடத்தில் ஹெட்லைட்டே மீட்டர். அதைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கும்போது வெளிச்சம் அடியோடு அணைந்தால் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. மங்கி, ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் கரண்ட் ஸ்டார்ட்டருக்கே போகவில்லை. சாவி சுவிட்சும் சாலினாய்டும் சந்தேகத்துக்குரியவை. மங்கிய பிறகு ஒரே ஒரு ‘டக்’ கேட்டால், ஸ்டார்ட்டரின் பெண்டெக்ஸ் பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் சிக்கியிருக்கலாம். சமதளத்தில் சாவியை அணைத்து, டாப் கியரில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும். சரிவில் இதைச் செய்யக் கூடாது. மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் அதே பெண்டெக்ஸ் அழுக்கேறி நகராமல் நிற்கிறது, கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகும்.

சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் மலையில் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். அதில் ஒரு நல்ல தகவல் இருக்கிறது: உருட்டினால் உடனே பிடிக்கும் வண்டியில் பெட்ரோலும் ஸ்பார்க்கும் நன்றாக இருக்கின்றன, கோளாறு பேட்டரி, ஸ்டார்ட்டர் பாதையில்தான். ஆனால் அதை நம்பியே காலம் தள்ளுவது ஆபத்து. பெருமாள்மலை வளைவில் எஞ்சின் அணைந்து, பின்னால் பஸ் நிற்கும்போது உருட்ட இடம் கிடைக்காது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் விஷயம் வேறு. மூடுபனி நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் பிடித்துவிடும். அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், சமவெளிக்கு ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். அதன் மேல் சோக்கையும் இழுத்துப் பிடித்தால் பிளக் நனைந்து, எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது.

ஸ்டார்ட் ஆன பின் சார்ஜ் ஆகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டியில் மீட்டர் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே காட்டும். டைனமோ வண்டி ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. மூடுபனியில் ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது டைனமோ கொடுப்பதைவிட வண்டி தின்பது அதிகம். வீடு வந்து சேரும் பேட்டரி, புறப்பட்டதைவிட இறங்கியிருக்கும்.

நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். எர்த் கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். செல்ஃபை அந்நேரம் தொடவே கூடாது. 50 மில்லிஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதியாகும். பிற்பாடு மாட்டிய மியூசிக் சிஸ்டமும் அலாரமும் வழக்கமான குற்றவாளிகள். டைனமோ வண்டியில் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரியே டைனமோவுக்குத் திரும்பக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்; நிறுத்திய வண்டியில் டைனமோ சூடாக இருப்பது அதன் அடையாளம்.

விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரியின் எர்த்தைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. மாதம் ஒருமுறை, அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் மெதுவாகச் சார்ஜ் செய்து, தட்டுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவைத்தால் சல்பேட் படிவது பெருமளவு தடைபடும்.